சைலன்சரைக் கட்டிப் போடாதீர்கள்

கேள்வி: எட்டு மாதம் முன்பு என் ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் சைலன்சரை மாற்றி, வெளியில் செய்த எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) செட் போட்டேன். என்ஜினிலிருந்து வரும் முன் பைப்பின் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஓரத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. மறுபடி பற்றவைத்து, ‘ஆடுவதால்தான் விடுகிறது’ என்று பைப்பையும் பாடியையும் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். ஐந்தே வாரத்தில் அதே இடத்தில் விரிசல். இன்னும் தடியான பட்டை போடலாமா? மைலேஜும் குறைந்திருக்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். ஐந்து வாரத்தில் உடைத்ததே அந்தப் பட்டைதான்.

உங்கள் காரில் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்காதீர்கள். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டின் மேல் அது முன்னும் பின்னும் சாய்வது தெரியும். ரொம்பவே சாய்ந்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள். என்ஜின் சாயும்போது முன் பைப்பும் கூடவே போகும். அதன் மறுபக்கத்தைப் பாடியில் அசையாமல் கட்டிவிட்டால், வெல்டிங் ஓரம்தான் அத்தனையும் தாங்க வேண்டும்.

போதாக்குறைக்கு சூடு வேறு. 304 ரக எஸ்.எஸ். பைப் 2 மீட்டர் நீளம் என்று வையுங்கள். 300 டிகிரி சூடேறினால் சுமார் 10 மி.மீ. நீளும். சாதா இரும்பு 7 மி.மீ. சொச்சம்தான். ‘எஸ்.எஸ். போட்டால் ஆயுசுக்கும் உடையாது’ என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாருதி 800-க்கு, கடகடவென்று சத்தம் வருகிறதென்று, பைப்பைக் காரின் அடித்தகட்டோடு பட்டை வைத்து இறுக்கினேன். சத்தம் நின்றது. ஒரு மாதத்தில் வண்டிக்காரர் உடைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்!

சரி, என்ன செய்வது? பட்டையை அறுத்து எடுத்துவிடுங்கள். முன் பைப்பில் ஃப்ளெக்சிபிள் இருக்கிறதா என்று பாருங்கள். வலை பின்னிய குட்டைக் குழாய். வெளி செட்டுகளில் பலர் காசு மிச்சம் என்று அதை விட்டுவிடுகிறார்கள். சில கார்களில் அதற்குப் பதில் உருண்டை கேஸ்கட்டும் ஸ்பிரிங் போல்ட்டும் இருக்கும். அங்கே ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு சாதா போல்ட் போட்டு முடுக்கினாலும் இதே கதைதான்.

ஃப்ளெக்சிபிள் வளையும், கொஞ்சம் நீளும். ஆனால் முறுக்கினால் கிழிந்துவிடும். எடையும் தாங்காது. அதனால் அதைத் தாண்டியதும் பக்கத்திலேயே பைப்பைத் தொங்கவிடும் ஒரு ரப்பர் ஹேங்கர் வேண்டும். அங்கிருந்து வால் வரை எல்லாமே ரப்பரில்தான் தொங்க வேண்டும். முட்டுக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஃப்ளெக்சிபிளுக்கு முன்னால், என்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ கொடுங்கள். என்ஜினோடு சேர்ந்து ஆடுகிற முட்டு பைப்பை இழுக்காது.

இன்னொன்று. கடைசி வெல்டிங்கை பைப் தன் இஷ்டத்துக்குத் தொங்கும் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். ஜாக்கி வைத்து நெம்பி, துளையைப் பொருத்திப் பற்றவைத்தால் அந்த இழுப்பு பைப்புக்குள்ளேயே நிற்கும்.

மைலேஜுக்கும் இந்த விரிசல் காரணமாக இருக்கலாம். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சருக்கு முன்னால் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றும். விரிசலை அடைத்தபின் பாருங்கள்.

கேள்வி: முன் பைப் முழுக்க வெப்பத் துணி (சூட்டைத் தடுக்கும் துணி) சுற்றலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஃப்ளெக்சிபிளின் மேல் சுற்றவே சுற்றாதீர்கள். அது அசைய வேண்டிய இடம், சூடும் ஆற வேண்டும். சாதா இரும்புப் பைப் என்றால் மற்ற இடத்திலும் யோசியுங்கள். மழைத் தண்ணீரைத் துணி குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே துரு தின்பது கண்ணுக்குத் தெரியாது.