குழந்தைகள் செவிலியர் படிப்பில் மருந்துக் கணக்கு எங்கே சறுக்குகிறது?

குழந்தைகள் செவிலியர் பட்டப்படிப்பில் மருந்துக் கணக்கு மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெருக்கல், வகுத்தலைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர்களுக்குப் போல ‘ஒரு மாத்திரை’ என்ற நிலையான அளவு இங்கே கிடையாது. பெரும்பாலும் எடைதான் அளவைத் தீர்மானிக்கிறது.

12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்துக்கொள்வோம்: 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இருந்தால் 180 ÷ 250 × 5 = 3.6 மி.லி. 5 மி.லி.க்கு 120 மி.கி. இருந்தால் 7.5 மி.லி. லேபிளைப் பார்க்காமல் கைப்பழக்கத்தில் அளந்தால் டோஸ் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

இதைவிட ஆபத்தானது புள்ளி. ‘.5’ என்று எழுதினால் 5 என்று படித்துவிடுவார்கள், ‘5.0’ ஐம்பதாகிவிடும். பத்து மடங்குப் பிழை! ஆகவே 0.5, 5 என்றே எழுதிப் பழகுங்கள். எடையை பவுண்டில் குறித்துவிட்டு கிலோவாக எண்ணுவதும் நடக்கிறது.

கால்குலேட்டரைத் தொடும் முன் தோராய விடையை மனதில் போடுங்கள். பருமனான பதின்வயதினருக்குக் கிலோக் கணக்கு பெரியவர்களின் உச்ச அளவைத் தாண்டக்கூடும், அங்கே உச்ச அளவோடு நிறுத்த வேண்டும். நரம்புவழித் திரவத்துக்கு 100-50-20 விதி, அதாவது ஒரு நாளைக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20: 14 கிலோவுக்கு 1000 + 200 = 1200 மி.லி., மணிக்கு 50 மி.லி. விடையைச் சக மாணவரிடம் காட்டாமல், அவரையும் தனியாகப் போடச் சொல்லி ஒப்பிடுங்கள். விடையைப் பார்த்துவிட்டால் கண் தானாக ஒத்துப்போய்விடும்.