இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் முந்தைய பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விட்டுச்சென்ற பெயரோடு ஒப்பிட்டால், அவருக்குப் பின் வந்த கிரெய்க் ஃபுல்டனுக்கு ஒப்பந்த நீட்டிப்பு தகுமா?

தகும் என்பதே என் பதில். ஆனால் ரீடைக் குறைத்துச் சொல்லி அதை நிறுவ வேண்டியதில்லை.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கி, 5-4 என வென்ற வெண்கல ஆட்டத்தை எந்த ரசிகரும் மறக்க மாட்டார். கடைசி சில நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கத்துக்கான 41 ஆண்டு வறட்சி அதோடு தீர்ந்தது. அந்த நம்பிக்கையை விதைத்தவர் ரீட். 2022 காமன்வெல்த் இறுதியில் 0-7 தோல்வி, 2023 உலகக் கோப்பையில் காலிறுதிக்கே முன்னேறாதது என்று அவர் காலம் கசப்பாக முடிந்ததும் உண்மைதான்.

ஃபுல்டன் வந்த பிறகு மாறியது தற்காப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியைப் பாருங்கள்: 17-வது நிமிடத்திலேயே தற்காப்பு வீரர் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என நிறுத்தி, ஷூட்-அவுட்டில் வென்றார்கள். அப்படிக் கட்டுக்கோப்பாக ஆட மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், பாரிஸ் வெண்கலம், 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பை எல்லாம் அவர் கணக்கில்தான்.

குறையும் உண்டு. 2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் என்ற சர்வதேசத் தொடரின் ஆட்டங்களில் தொடர்ந்து ஏழு தோல்வி. பாரிஸோடு ஸ்ரீஜேஷும் ஓய்வு பெற்றுவிட்டார். கோல்கீப்பர் தலைமுறை மாறும் இந்த நேரத்தில் பயிற்சியாளரையும் மாற்றுவது அணிக்கு நல்லதல்ல.