ஒரே நிரல், பல மொழிகள்: கேள்வி பதில்

புதிய நிரல்மொழிகளையும், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கருவிகளையும் சோதித்துப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு தெரியும். கோ, ரஸ்ட், எலிக்சிர் என்று எதைத் தொட்டாலும், பாடத்தை முடித்த பிறகு மனத்தில் ஒன்றும் நிற்பதில்லை. எப்படிப் பழகுவது?

பாடத்தில் வரும் நிரல்கள் அந்த மொழிக்கு ஏற்றாற்போலப் பொறுக்கி எடுக்கப்பட்டவை. எங்கும் சிக்காமல் படித்துக்கொண்டே போய்விடலாம். அதனால்தான் எதுவும் நிற்பதில்லை. உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த ஒரு சிறு நிரலை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புது மொழிக்குப் போனாலும் முதலில் அதையே எழுதுங்கள்.

நான் வைத்திருப்பது சொல் எண்ணும் நிரல். ஒரு பெரிய உரைக்கோப்பைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டு, அதிகம் வந்த இருபது சொற்களை வரிசையாகக் காட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கோப்பைத் திறப்பது, எழுத்துகளைக் கையாள்வது, எண்ணிக்கையைச் சேமித்து வைப்பது, வரிசைப்படுத்துவது, பிழை வந்தால் சமாளிப்பது என்று நம் அன்றாட வேலை அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும்.

பைத்தானில் இது பத்து வரிக்குள் முடிந்துவிடும். கூடவே வரும் 'கவுண்டர்' என்ற எண்ணும் கருவி பாதி வேலையைச் செய்துவிடும். சி மொழியில் எழுத உட்கார்ந்தால் ஹாஷ் அட்டவணையை (சொல்லைக் கொடுத்தால் அதன் எண்ணிக்கையை நேராக எடுத்துத் தரும் அமைப்பு) நீங்களே கட்ட வேண்டும், நினைவகத்தைக் கேட்டு வாங்கித் திருப்பித் தரவும் வேண்டும். கோ மொழியில் கோப்பைத் திறந்தால் கோப்போடு பிழையும் சேர்ந்தே கைக்கு வரும். கோப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பைத்தானில் எழுதியபோது நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள். கோ அதை அந்த வரியிலேயே யோசிக்க வைக்கிறது. நிரல் ஒன்றே என்பதால் மாறுவது மொழி மட்டும்தான். அது எதை எளிதாக்குகிறது, எதை உங்கள் தலையில் கட்டுகிறது என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது, கோ 15 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. இதில் எது தவறு?

எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் எண்ணும் பொருள் வேறு. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் இந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக இருக்கிறது. பைத்தான் அவற்றை எண்ணுகிறது. அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. கோ, ரஸ்ட் இரண்டிலும் 'லென்' என்பது பைட் கணக்கு, ஆகவே 15. ஸ்விஃப்டும் எலிக்சிரும் 3 என்றே சொல்லும். குறிகளை அவற்றுக்கு உரிய எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

பைத்தானில் இந்தச் சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி ஒட்ட இடமில்லாமல் முதலில் வந்து நிற்கும். மகரத்தில் இருந்த இகரக் குறி ழகரத்தில் ஏறி 'ழி' ஆகிவிடும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. சொற்களைப் பிரிக்கப் பைத்தானின் 'ரீ' நூலகத்தில் (நூலகம் என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்பு) 'எழுத்து' எனப் பொருள்படும் \w என்னும் குறியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பட்டியல் மட்டும் குப்பையாக வரும். 'ரீஜெக்ஸ்' என்ற தனி நூலகத்தை நிறுவிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

அடுத்தது 'கொ'. இதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. ஒரே 'கொடு' பட்டியலில் இரண்டு இடத்தில் வரும். படித்தவுடன் உரையை, இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் அதற்கான 'நார்மலைஸ்' செயற்கூறு (ஃபங்ஷன்) கூடவே வருகிறது. நம் எழுத்துக் கணக்குப்படியே பிரிக்க வேண்டுமானால் 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நூலகம் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள்தான் இந்த ஓட்டைகளை முதலில் காண்கிறோம். கண்டதை அந்தந்த நூலகத்தாருக்கு எழுதித் தெரிவியுங்கள். நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

கேள்வி: ரஸ்ட் கம்பைலர் எதை எழுதினாலும் திட்டுகிறது. இவ்வளவு பாடுபட வேண்டுமா?

கம்பைலர் என்பது நிரலைச் சோதித்து இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி. அது ஏன் மறுக்கிறது என்பதை ஒருமுறை ஆற அமரப் பாருங்கள். ஒரு வெக்டரின் (வளரக்கூடிய பட்டியல்) முதல் உறுப்புக்கு ஒரு சுட்டு, அதாவது அதன் முகவரி, எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு அதே வெக்டரில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறீர்கள். அதற்குப் பிறகு பழைய சுட்டைப் படிக்க முயல்கிறீர்கள். ரஸ்ட் இதை ஏற்காது. சேர்க்கும்போது இடம் போதாவிட்டால் வெக்டர் முழுவதும் நினைவகத்தில் வேறு இடத்துக்குப் பெயர்ந்துவிடலாம். உங்கள் சுட்டு ஆளில்லாத முகவரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். சி++ இதே நிரலை மறுக்காமல் கம்பைல் செய்துவிடும். பெரும்பாலான நாள் ஓடும், ஒருநாள் சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

இந்தப் பாடு எல்லா வேலைக்கும் தேவையில்லை. ஒரு கோப்பைப் படித்து அறிக்கை தயாரிக்க நான் ரஸ்ட் எடுக்க மாட்டேன். நினைவகப் பிழை வந்தால் பாதுகாப்பே போய்விடும் என்ற இடத்தில் அதற்கு ஈடில்லை. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ரஸ்டுக்கு இடம் கொடுத்ததும் அதனால்தான்.

கேள்வி: என் பைத்தான் நிரல் மெதுவாக ஓடுகிறது. கோ மொழிக்கு மாற்றிவிடலாமா?

முதலில் அளந்து பாருங்கள். பைத்தானோடு வரும் 'சி-புரோஃபைல்' எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும். நான் பார்த்த பல நிரல்களில் கோளாறு ஒரே மாதிரிதான்: விலக்க வேண்டிய சொற்களைப் பட்டியலில் வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் 'இது அதில் இருக்கிறதா' என்று கேட்பது. பட்டியல் என்றால் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். அதையே 'செட்' ஆக்கினால் ஹாஷ் வழியே நேராகப் போய்ப் பார்த்துவிடும். ஒரு வரி மாற்றத்தில் தீர வேண்டியதற்கு மொழியையே மாற்றுவது வீண் செலவு.

இரண்டு நிரல்களை ஒப்பிட 'ஹைப்பர்ஃபைன்' என்ற திறமூலக் கருவி நல்லது. பலமுறை ஓட்டிச் சராசரியும் ஏற்ற இறக்கமும் காட்டும். அதில் கணக்கில் சேராத 'வார்ம்-அப்' ஓட்டத்தை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் கோப்பு வட்டிலிருந்து வரும், அடுத்த ஓட்டத்தில் நினைவகத்திலிருந்தே வரும். இரண்டையும் ஒப்பிட்டால் முடிவு தப்பாகிவிடும்.

கேள்வி: நிரல் எழுத எந்த எடிட்டர் நல்லது?

கைக்குப் பழகியது. மொழிகளை எடிட்டர்களோடு இணைக்கும் எல்எஸ்பி நெறிமுறை 2016-இல் வந்த பிறகு, விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் எல்லாவற்றிலும் பிழை காட்டுதல், மிச்சத்தை நிரப்பித் தருதல் போன்ற அதே உதவி கிடைக்கிறது.

கேள்வி: போன மாதம் சரியாக ஓடிய நிரல் இப்போது தவறான விடை தருகிறது. நடுவில் நூற்றுக்கணக்கான கமிட்டுகள் (சேமித்த மாற்றங்கள்). எங்கே தேடுவது?

நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் 'கிட்' கருவியில் 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறதே. சரியாக ஓடிய கமிட் ஒன்றையும் கெட்டுப்போன கமிட் ஒன்றையும் அதற்குச் சொல்லுங்கள். நட்ட நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொன்னால், மிச்சத்தில் பாதியை ஒதுக்கிவிட்டு அடுத்த நடுவுக்குப் போகும். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி 'பைசெக்ட் ரன்' என்று கொடுத்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். இது பலன் தர வேண்டுமானால் கமிட்டுகள் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு வார வேலையை ஒரே கமிட்டில் திணிப்பவருக்குக் கிட் காட்டும் இடமும் ஒரு வார வேலைதான்.

கேள்வி: சின்ன வேலைக்கெல்லாம் நூலகம் தேடி நிறுவுகிறேன். இதில் ஆபத்து உண்டா?

உண்டு. 2016-இல் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதைச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் பெரிது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தால், 'எக்ஸ்-இசட்' சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தார்கள். அந்த அரை விநாடியை 'போகட்டும்' என்று விடாத அவருக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

பத்து வரியில் எழுதக்கூடியதை நீங்களே எழுதிவிடுங்கள். மறையாக்கம் (என்கிரிப்ஷன்), தேதி நேரக் கணக்கு போன்றவற்றுக்கு நன்கு பராமரிக்கப்படும் நூலகத்தையே நம்புங்கள். நூலகங்களின் பதிப்புகள் தானாக மாறாதபடி லாக் கோப்பில் பூட்டி வையுங்கள்.

கேள்வி: என் நிரலைப் பொதுவில் போட்டிருக்கிறேன். உரிமம் எதுவும் வைக்கவில்லை. அப்படியானால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

இல்லை. உரிமம் இல்லாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கிறது என்றுதான் பொருள். பிறர் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி, காப்புரிமைப் (பேட்டன்ட்) பாதுகாப்பும் வேண்டுமென்றால் அப்பாச்சி 2.0, மாற்றி வெளியிடுகிறவர்களும் மூலத்தைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். இன்றே ஒன்றை வைத்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, திறமூலத் திட்டத்தில் பங்களிக்க ஆசை. ஆனால் பெரிய நிரல்தொகுப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் கருவியிலேயே தொடங்குங்கள். அதன் பிழைப் பட்டியலில் 'எங்களால் திரும்ப வரவழைக்க முடியவில்லை' என்று கிடப்பில் இருக்கும் ஒன்றை எடுங்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தக் கட்டளை கொடுத்தால் பிழை வருகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். நிரலில் கை வைக்காமலேயே பராமரிப்பாளரின் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். அந்தப் பிழையைத் துரத்தும்போதே தொகுப்பின் ஒரு மூலை பழகிவிடும். திருத்தம் அனுப்பும் நாளில் அதோடு ஒரு சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள்: பழைய நிரலில் தோற்று, உங்கள் திருத்தத்தில் தேறும் சோதனையாக அது இருக்கட்டும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். பெரும்பாலானோர் வேலை முடிந்து வந்து, கிடைக்கும் நேரத்தில்தான் இவற்றைப் பராமரிக்கிறார்கள்.