நாய்க்குட்டியின் பல் கீறினாலும் தடுப்பூசி போட வேண்டுமா?

கேள்வி: எட்டு வயது மகள் தெரு நாய்க்குட்டியோடு விளையாடியபோது அதன் பல் கெண்டைக்காலில் கீறிவிட்டது. பொட்டு ரத்தம் கசிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். மூன்று நாளாகிவிட்டது. குட்டி நன்றாகத்தான் ஓடித் திரிகிறது. இதற்கும் ஊசி தேவையா?

பதில்: தேவை, இன்றே. ரத்தம் கசிந்த கீறல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவக் கணக்கில் மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகுந்த ஆபத்துள்ளது. குட்டி என்பதால் ரேபிஸ் இருக்காது என்று நம்ப வேண்டாம். தாய் நாயிடமோ மற்ற நாய்களிடமோ கடிபட்ட குட்டிக்கும் அது வரும்.

முதலில் அந்தச் சுண்ணாம்பைக் கழுவிவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். கடித்தவுடனே செய்திருக்க வேண்டியது இதுதான். இப்போது செய்தாலும் வீணில்லை. மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவுமே கிருமியைக் கொல்லாது, புண்ணைத்தான் கிளறும்.

பிறகு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மகளுக்கு இரண்டு மருந்துகள் வேண்டும். ஒன்று தடுப்பூசி. அதனால் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கிருமியைத் தடுக்க, காயத்தைச் சுற்றியே செலுத்தப்படுவது இம்யூனோகுளோபுலின். பலருக்கு இது விடுபட்டுப்போகிறது. "ரத்தம் வந்தது" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். தடுப்பூசியோடு முதல் நாளே போட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் இதைப் போட மாட்டார்கள்.

மூன்று நாள் தாமதம் நல்லதல்ல, ஆனால் கைமீறிப் போகவில்லை. 1885 ஜூலையில் லூயி பாஸ்டரிடம் கொண்டுவரப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவனும் கடிபட்டு இரண்டு நாளான பிறகுதான் வந்தான், பிழைத்தான். கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் குறைவாக. மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

குட்டியைப் பத்து நாள் கவனிப்பது சரிதான். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கவனியுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா கைவிட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில், கைகளில் சிறு ஊசிகள் மட்டுமே. பத்தியம் எதுவும் கிடையாது. முட்டை, மீன், கோழி எல்லாம் கொடுக்கலாம்.

நான்கு தேதிகளையும் சீட்டில் குறித்து வாங்குங்கள். மூன்று ஊசி முடிந்து காயமும் ஆறியதும், 28-ஆம் நாளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்தாவது அழைத்துப் போங்கள்.