தகடு முதலா, சுவர் முதலா?

கேள்வி: கடுங்குளிர் நாட்டில் அளவான பணத்தில் ஒரு சிறு வீடு கட்டவிருக்கிறோம். ஓராண்டில் செலவழிக்கும் எரிசக்தி முழுவதையும் தானே ஈட்டிக்கொள்ளும் ‘நிகர பூஜ்ஜிய’ வீடாக அது அமைய, கூரை நிறைய சோலார் தகடுகளைப் பதித்தால் போதுமா?

பதில்: போதாது. குளிர்நாடுகளில் வெயில் அருகிப்போகும் மாதங்களில்தான் வெப்பத் தேவை உச்சத்தில் நிற்கும். கோடையில் மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு அனுப்பிக் குளிர்காலத்தில் திரும்பப் பெறுவதால்தான் ஆண்டுக் கணக்கு நேராகிறது; தேவையைக் குறைக்காமல் தகடுகளைக் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

கனடாவின் ரெஜினா நகரில் 1977-ல் கட்டப்பட்ட சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற எரிசக்திச் சிக்கன மாதிரி வீடு இதை அப்போதே காட்டிவிட்டது. அதன் சூரிய வெப்ப அமைப்பு செலவு மிக்கதாக இருந்தது. தடித்த வெப்பக் காப்பும் காற்றுப் புகாத கட்டுமானமுமே பின்வந்தவர்களுக்கு வழிகாட்டின.

சிக்கனம் வரைபடத்திலேயே தொடங்குகிறது. மூலைகளும் துருத்தல்களும் இல்லாத, பெட்டி போன்ற இரண்டு மாடி வீட்டுக்கு வெளிப்பரப்பு குறைவு. இரண்டு வரிசை மரச்சட்டங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, பழைய செய்தித்தாளிலிருந்து செய்யப்படும் செல்லுலோஸை நடுவே அடைத்தால், விலையுயர்ந்த பொருள் எதுவுமின்றி 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை தடிப்புள்ள சுவர் கிடைத்துவிடும். இப்படி வெப்பத் தேவை சரிந்த வீட்டுக்குப் பெரிய கொதிகலன் வேண்டாம், வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் சிறிய ஹீட் பம்ப் போதும். அங்கே மிச்சமாகும் பணம் சுவருக்கான கூடுதல் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். தகடுகளும் சிலவே தேவைப்படும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: உட்புறப் பலகைகளை அடிக்கும் முன்பே, வாசலில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் காற்றுக்கசிவைச் சோதியுங்கள். அப்போது வெளிச்சுவரில் உள்ள ஸ்விட்ச் பெட்டியருகே புறங்கையைக் கொண்டுசென்றால், நூல் போல் குளிர்காற்று படுவதை உணரலாம். அந்நிலையில் ஒரு துண்டு ஒட்டுநாடா அதை அடைத்துவிடும். பலகை அடித்த பிறகோ சுவரையே பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி: அவ்வளவு இறுக்கமான வீட்டில் மூச்சு முட்டாதா?

பதில்: வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவியைப் பொருத்தினால் முட்டாது, அதன் வடிகட்டியை மட்டும் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். உண்மையில் அஞ்ச வேண்டியது இறுக்கத்தை அல்ல, இடுக்கைத்தான். வீட்டினுள் உள்ள ஈரக்காற்று இடுக்கு வழியே சுவருக்குள் புகுந்து, குளிர்ந்து நீராகப் படிந்து, வெளியே தெரியாமல் மரச்சட்டங்களை உளுத்துப்போகச் செய்துவிடும்.