டெபாசிட் கட்டுவதற்கு முன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளுக்கு இரண்டு நாடுகளிலிருந்து அட்மிஷன் வந்திருப்பது எனக்கும் மகிழ்ச்சி. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலை, அமெரிக்காவில் இரண்டாண்டு முதுநிலை, இரண்டுமே டேட்டா சயின்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நாடு நல்லது என்று ஒரே வரியில் சொல்லச் சொல்கிறீர்கள். ஒரு வரியில் என்னால் சொல்ல முடிவது இதுதான்: வெள்ளிக்கிழமை என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள். மற்றதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் கெடுவைப் பார்ப்போம். பல்கலைக்கழகம் அனுப்பிய ஆஃபர் கடிதத்தில் டெபாசிட்டுக்கான கடைசித் தேதி அச்சாகியிருக்கும். அதை உங்கள் மகளே திறந்து படிக்கட்டும். ஏஜென்ட் சொன்ன தேதியும் கடிதத்தில் உள்ள தேதியும் வேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடிதத்திலும் அதே தேதிதான் என்றால், அட்மிஷன் அலுவலகத்துக்கு உங்கள் மகள் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதி அவகாசம் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் சீட்டைப் பறிப்பதில்லை. அமெரிக்காவில், உதவித்தொகையோடு முதுநிலை இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15க்கு முன் மாணவரிடம் முடிவு கேட்பதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டிருக்கின்றன.

ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது. உங்களிடம் கட்டணம் வாங்காமல் எல்லா வேலையும் அவர் செய்து கொடுப்பது அதனால்தான். தனக்கு ஒப்பந்தம் இருக்கும் கல்லூரிகளைத்தான் அவர் முன்னால் எடுத்து வைப்பார். கமிஷன் தராத பல்கலைக்கழகங்கள், உதாரணமாகக் கல்விக் கட்டணமே இல்லாமலோ மிகக் குறைவாகவோ படிக்க வழியுள்ள ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பல, அவருடைய பட்டியலில் இடம்பெறாமலே போகலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். படிப்பு முடிந்த மறுமாதமே, அங்கே வேலை கிடைக்காமல், அவள் திரும்பி வர நேர்ந்தால் என்ன ஆகும்? அந்தப் பட்டத்தை வைத்துச் சொந்த நாட்டில் கிடைக்கும் சம்பளத்தில் கடனைக் கட்ட முடியுமா? வீடு தாங்குமா? தாங்கும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். தாங்காது என்றால், எவ்வளவு பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமாக இருந்தாலும் அந்த ஆஃபர் உங்களுக்கானதல்ல.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், படிப்புக்குப் பின் வேலை செய்யத் தரும் அனுமதி அந்தந்த அரசின் விருப்பம். அது மாணவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி அல்ல. பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தவர்களுக்கு இருந்த வேலை விசாவை 2012இல் மூடினார்கள். 2021 ஜூலையில் கிராஜுவேட் ரூட் என்று வேறொன்றைத் திறந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு தொடர்கிறது. உங்கள் மகள் எப்போது படிப்பை முடித்து, எப்போது விண்ணப்பிக்க முடியும் என்பதை இந்தத் தேதியோடு வைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், படிப்புக்குப் பிந்தைய விசாவுக்கான வயது வரம்பைப் பெரும்பாலானவர்களுக்கு 50இலிருந்து 35ஆகக் குறைத்தது. அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த, முப்பத்தைந்தைத் தாண்டிய பலருடைய திட்டம் அதோடு குலைந்தது. கனடாவில், அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரிகள் உரிமம் பெற்று நடத்திய படிப்புகளில் 2024 மே மாத நடுவுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு, படிப்பு முடிந்த பின் வேலை அனுமதியே கிடையாது.

அமெரிக்காவில் கதை வேறு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தால் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்யலாம். படிப்பு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் அரசுப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அதற்கப்பால் அங்கேயே தொடர வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹெச்-1பி என்ற வேலை விசாதான் வழி. ஆண்டுக்கு 85,000 இடங்கள், அதற்குப் பல மடங்கு போட்டி. அந்த இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, நன்றாகப் படித்தவளா என்று பார்ப்பதில்லை. தன் வகுப்பிலேயே முதலிடம் பெற்றவர்கள் அதில் இடம் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். அது அவர்கள் தோல்வி இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே உங்கள் மகள் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று ஸ்டெம் பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்குக் கொடுத்திருக்கும் சிஐபி குறியீடுதான், அதாவது படிப்புகளை வகைப்படுத்தும் எண்தான், அதைத் தீர்மானிக்கிறது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் அந்த எண் இருக்கும். ‘அனலிடிக்ஸ்’ என்ற சொல் பெயரில் இருந்தாலே போதும் என்று நம்ப வேண்டாம்.

இப்போது பணம். பெற்றோர் பலரும் இடறுவது விசாவுக்குக் காட்டச் சொல்லும் தொகையில்தான். அதையே முழுச் செலவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் கட்டணம் போக அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவைத்தான் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள், அதுவும் தொடர்ந்து 28 நாள் இருந்தால் போதும். ஆனால் ஓராண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டு மாத வாடகை கொடுக்க வேண்டும். அமெரிக்க ஐ-20இல் முதல் ஆண்டுக்கான செலவுதான் பெரிய எண்ணாகத் தெரியும். இரண்டாம் ஆண்டும் உண்டு, அந்த ஆண்டு கட்டணம் கூடவும் செய்யும். ஜெர்மனியில் 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். மாதம் 992 யூரோ எடுக்கலாம். மியூனிக் மாதிரி வாடகை ஏறிய நகரத்தில் அது இழுபறிதான். அரசுகளே இந்தத் தொகையை ஒரேயடியாக உயர்த்தியும் விடுகின்றன. நெடுங்காலமாகப் பத்தாயிரம் டாலர் கேட்டுக்கொண்டிருந்த கனடா 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கியது, 2025 செப்டம்பரில் 22,895 ஆக்கியது.

ஆகவே உங்கள் கணக்கைத் தனியாகப் போடுங்கள். முழுப் படிப்புக்குமான கட்டணம், எத்தனை மாதம் இருப்பாளோ அத்தனை மாத வாடகையும் சாப்பாடும், மருத்துவக் காப்பீடு, விசாக் கட்டணம், போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணம், இடையில் ஒருமுறை அவசரமாக வந்துபோகும் விமானச் செலவு. அதோடு, படிப்பு முடிந்து வேலை தேடும் ஆறு மாதத்துக்கான செலவு. இந்தக் கடைசி வரியை யாருமே எழுதுவதில்லை. மிகுந்த நெருக்கடியில் எனக்கு வரும் அழைப்புகள் அந்த ஆறு மாதத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் வருகின்றன.

கடன் உங்கள் நாணயத்தில், கட்டணம் டாலரிலோ பவுண்டிலோ. அதனால் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போடாதீர்கள், பத்து சதவீதம் கூட்டிப் போடுங்கள். கடன் ஒப்பந்தத்தில் தவணை எப்போது தொடங்குகிறது, படிக்கும் காலத்திலும் வட்டி ஏறுகிறதா, ஏறிய வட்டி அசலோடு சேருமா என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பகுதிநேர வேலையில் சமாளித்துக்கொள்வேன் என்று மகள் சொல்கிறாள் என்றீர்கள். அவளுடைய எண்ணம் நல்லது. ஆனால் பிரிட்டனில் முதுநிலை மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அமெரிக்காவிலும் அதே 20 மணிதான், அதுவும் வளாகத்துக்குள்ளே. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. இந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் உதவும், கல்விக் கட்டணத்தைக் கட்டாது. வரம்பை மீறினால் விசாவே போகும். கட்டணத்தின் ஒரு பகுதியைப் பகுதிநேரச் சம்பளத்திலிருந்து கட்டுவதாக உங்கள் திட்டத்தில் ஓர் இடம் இருந்தால், அந்தத் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஓராண்டுப் படிப்பா, இரண்டாண்டுப் படிப்பா? பிரிட்டன் மலிவு என்று தோன்றுவது ஓராண்டு என்பதால்தான், அது உண்மையான நன்மையும்கூட. ஆனால் செப்டம்பரில் போய் இறங்குகிறவளுக்கு, பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை எடுக்கும் விண்ணப்பங்கள் அந்த இலையுதிர் காலத்திலேயே திறந்து சில வாரங்களில் மூடவும் ஆரம்பித்துவிடும். வீடு தேடி, வங்கிக் கணக்கு திறந்து, பேராசிரியர் உச்சரிப்பு பழகுவதற்குள் அந்தக் கதவு பாதி சாத்திவிடும். பிரிட்டனைத் தேர்ந்தெடுத்தால் ரெஸ்யூமே விமானம் ஏறும் முன்பே தயாராக இருக்க வேண்டும். அமெரிக்க இரண்டாண்டுப் படிப்பில் நடுவே ஒரு கோடை விடுமுறை வருகிறது. அதில் செய்யும் இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு வேலையாக மாறுகிறது. வேலை அனுபவமே இல்லாமல் நேராகப் பட்டப்படிப்பிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டாண்டுதான் பொருந்தும் என்பது என் கருத்து, செலவைத் தாங்க முடிந்தால். ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு ஓராண்டு போதும்.

பாடப்பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பல்கலைக்கழகங்களின் இணையதளத்திலும் அந்தப் படிப்புக்கான பாடப் பட்டியல் இருக்கும். புள்ளியியலும் நிரலாக்கமும் எவ்வளவு, மேலாண்மைப் பாடங்கள் எவ்வளவு, பெரிய ப்ராஜெக்ட் உண்டா என்று அவள் வரிவரியாகப் பார்க்கட்டும். ஏற்கெனவே பட்டப்படிப்பில் படித்ததே பாதி திரும்ப வந்தால், அத்தனை பணம் கொடுத்து அதைப் படிப்பது வீண். இப்போது அங்கே படிக்கும் மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் பேசட்டும். ஏஜென்ட் அறிமுகப்படுத்துகிறவர்களிடம் மட்டும் பேசினால் போதாது.

நீங்கள் கடிதத்தின் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள்: ‘தனியாக இருந்து பழக்கமில்லை, சமாளிப்பாளா?’ நியாயமான கேள்வி. சமைப்பதும் துணி துவைப்பதும் ஒரு மாதத்தில் பழகிவிடும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். பிள்ளைகள் நொடிந்துபோவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, எழுத்து வேலைகள். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தால் அங்கே அது திருட்டுக்குச் சமம். நண்பனின் நிரலை வாங்கிக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலும் அப்படித்தான். விசாரணைக் குழு வரை போகும், படிப்பே முடிந்துபோகவும் கூடும். தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. முதல் வாரத்திலேயே இந்த விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கஷ்டத்தை மறைப்பது. ஒரு பாடத்தில் தோற்றதையும் உடம்பு சரியில்லாததையும் வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்து, வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் முழுநேரப் பாடச் சுமையிலிருந்து அனுமதியில்லாமல் குறைத்தால் மாணவர் நிலையே ரத்தாகும். ஆனால் முன்கூட்டியே சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் சொன்னால், உடல்நலக் காரணத்துக்காகச் சட்டப்படியே குறைக்க வழி உண்டு. ஜெர்மனியில் ஒரு கட்டாயப் பாடத்தில் அனுமதித்த முயற்சிகள் அத்தனையிலும் தோற்றுவிட்டால் அதே படிப்பை அந்நாட்டில் தொடர முடியாமல் போகலாம். எங்கே போனாலும் முதல் சறுக்கலிலேயே யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ‘தோற்றாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம்’ என்று நீங்களும் அவள் அப்பாவும் புறப்படும் முன்பே அவளிடம் வாய்விட்டுச் சொல்வது. கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்ற நினைப்புதான் அந்தப் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது.

இந்த ஆண்டு கணக்கு ஒத்துவரவில்லை என்றால் டெஃபர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒரு முறை தள்ளிவைக்கச் சம்மதிக்கும். அந்த ஓராண்டில் வேலை பார்த்தால் ரெஸ்யூமேவும் கனக்கும், கடனும் குறையும், பிரிட்டன் அரசின் செவனிங், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் போன்ற உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கவும் நேரம் கிடைக்கும். செவனிங் இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கும், படித்து முடித்ததும் இரண்டாண்டுக்குச் சொந்த நாடு திரும்பவும் சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓராண்டு தள்ளிப்போனால் தோழிகளைவிடப் பின்தங்கிவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். வேலைக்கு எடுப்பவர் யாரும் அந்த ஓராண்டைக் குறையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியவை இவை. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் மாணவர் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமம், பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளுக்கும் அரசுப் பட்டியல் உண்டு. தனக்கு இடம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தந்த நாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று அவளே தேடிப் பார்க்கட்டும். விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் முழுவதும் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்று அட்மிஷன் அலுவலகத்திடம் எழுதிக் கேட்கட்டும். ஏஜென்ட் வாயால் சொல்லும் பதில் இதற்குப் போதாது. பணம் கட்டுவதாக முடிவானால் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வக் கட்டணப் பக்கம் வழியாக மட்டுமே கட்டுங்கள், வேறு யாருடைய கணக்குக்கும் அனுப்பாதீர்கள்.

மொத்தச் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். இரண்டு பாடப் பட்டியல்களையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். அவளும் உடன் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசலாம்.