ஊசி பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்

நீண்டகால நோயோடு வளரும் பிள்ளைகளின் ஊசி பயம் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: மகளுக்கு 9 வயது, முதல் வகை சர்க்கரை நோய். ஆரம்பத்தில் பேசாமல் இன்சுலின் போட்டுக்கொண்டாள். இப்போது இன்சுலின் பேனாவை எடுத்தாலே ஓடி ஒளிகிறாள். இதற்குள் பழகியிருக்க வேண்டாமா?

பதில்: பழகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல பிள்ளைகளிடம் நடப்பது தலைகீழ். ஒவ்வொரு முறையும் வலி, அவசரம், வீட்டில் ஒரு சண்டை என்று சேர்ந்து வந்தால் உடம்பு கற்றுக்கொள்வது பயத்தைத்தான். அவளுக்குத் தைரியம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

முதலில் போடும் முறையைப் பாருங்கள். பெரியவர்களுக்கே 4 மி.மீ. ஊசி போதும், வீட்டில் இருப்பது அதைவிட நீளமா? ஒவ்வொரு முறையும் புது ஊசி மாற்றுகிறீர்களா? பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரியும். இன்னொன்று: திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே வலி குறைவு, அதனால் பிள்ளைகள் அந்த இடத்தையே காட்டுவார்கள். ஆனால் அங்கே இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது, சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும். விரலால் தடவிப் பார்த்து இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஊசியைப் பார்த்தபடி காத்திருக்கும் நேரம்தான் குத்தும் நொடியைவிடக் கொடுமை. வயிறா தொடையா, எண்ணலாமா வேண்டாமா, பொத்தானை யார் அழுத்துவது என்பதையெல்லாம் அவள் முடிவு செய்யட்டும். “போடலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடப் போகிறீர்களா என்ன?

கேள்வி: “எறும்பு கடிச்ச மாதிரிதான், வலிக்கவே வலிக்காது” என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறோம். தவறா?

பதில்: ஆமாம். வலித்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். “சிலருக்கு அழுத்துவது போல இருக்குமாம், சிலருக்குச் சுருக்கென்று இருக்குமாம். உனக்கு எப்படி இருந்தது என்று அப்புறம் சொல்” என்றால் போதும். “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்” என்று மிரட்டும் உறவினர்கள் இருந்தால் அவர்கள் வாயையும் கட்டுங்கள்.

கேள்வி: 12 வயது மகனுக்கு தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு. மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும். நரம்பு கிடைக்காமல் பல இடங்களில் குத்துகிறார்கள். மரத்துப்போகும் களிம்பும் பலன் தரவில்லை.

பதில்: களிம்பை எப்போது தடவுகிறீர்கள்? லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பு வேலை செய்ய குறைந்தது 1 மணி நேரம் வேண்டும். கனமாக வைத்து, மேலே ஒட்டுத்தாள் போட்டு மூட வேண்டும். மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு தடவினால் பாதி மரப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். மருத்துவரிடம் கேட்டு இரண்டு கையிலும் வீட்டிலேயே தடவிவிட்டுக் கிளம்புங்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் இந்தக் களிம்பு கூடாது. இது ரத்தக்குழாயைச் சற்றுச் சுருக்கவும் செய்யும். துடைத்த பிறகு சில நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைத்தால் குழாய் எழும்பும். முன்கூட்டியே நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

எத்தனை முறை முயல்வது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு முறை தவறினால் இன்னும் அனுபவமுள்ள ஒருவரை அழைக்கச் சொல்வது உங்கள் உரிமை. நாலு பேர் சேர்ந்து படுக்கையில் அமுக்கிப் பிடிப்பதை அனுமதிக்காதீர்கள். அந்த நினைவு ஊசியின் வலியைவிட நீண்ட நாள் நிற்கும். நிமிர்ந்து உட்காரட்டும், நீங்கள் பக்கத்திலிருந்து அணைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாய் கிடைப்பதே பெரும்பாடு என்றால், ரத்தம் ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட் என்ற சிறு கருவி பற்றிக் கேளுங்கள். தொற்று போன்ற ஆபத்துகள் அதிலும் உண்டு, அதனால் நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: எனக்கு 17 வயது. ஊசி குத்தியதும் மயங்கி விழுகிறேன். மூச்சுப்பயிற்சி செய்தும் நிற்கவில்லை.

பதில்: தம்பி, உனக்குத் தேவை தளர்வு இல்லை, இறுக்கம். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வராது. ரத்தம், ஊசி பயத்தில் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடுகிறது. 1980களில் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் இதற்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். கால், வயிறு, கைத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கு, முகம் சூடாவது தெரியும். பிறகு 20, 30 நொடி இயல்பாக விடு, முழுக்கத் துவண்டுவிடாதே. இப்படி ஐந்து முறை. வீட்டில் தினமும் பழகிவிட்டு மருத்துவமனையில் செய். குத்தும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். மயக்கம் வரும் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள். இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கு.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் ஊசி. போடும் முன்பே, அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. பயம்தானா இது?

பதில்: வெறும் பயம் இல்லை. மருந்து தரும் குமட்டலை மூளை அந்த நிறத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. இந்த மருந்தில் இது அடிக்கடி நடக்கிறது. மருந்துக்குழலைக் காகிதத்தால் மூடுங்கள், போடும் அறையை மாற்றுங்கள். போலிக் அமிலம், முன்கூட்டியே எடுக்கும் வாந்தித் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சொல்லாமல் ஊசியைத் தவிர்ப்பது மட்டும் வேண்டாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: எப்போது மனநல உதவி தேடுவது?

பதில்: ஊசியை நினைத்துத் தூக்கம் கெட்டால், போட்டதாகப் பொய் சொன்னால், மருந்து விட்டுப்போனால். இன்சுலின் விட்டுப்போனால் அது அவசரம், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: அழாமல் இருந்தால் பரிசு தரலாமா?

பதில்: அழட்டும். கையை அசைக்காமல் வைத்திருந்ததற்குப் பரிசு கொடுங்கள். என்ன பரிசு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் பரிசைக் கூட்டினால் அடுத்த முறை பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.